பலிபீடத்துக்குப் போகும் வழி

மனந்திரும்புதல் என்னும் சொல்லைத் தமிழ் வேதாகமத்தில் வாசிக்குந்தோறும் அதன் பிற்பாதியிலேயே என் சிந்தை தங்கி நின்றுவிடுகிறது. சிந்தை மாறுதல் என்று பொருள்படும் மெட்டனோயா என்ற கிரேக்கப் பதத்துக்கு நம் முன்னோர் இட்ட இப்பெயரில் ஒரு வழிப்போக்கனின் சாயல் இருக்கிறது. தவறான பாதையில் நெடுந்தூரம் வந்துவிட்டவன், வழி தப்பினேனே என்று மரநிழலில் அமர்ந்து அழுதுகொண்டிருப்பானாகில், அவனைத் துக்கித்தவன் என்று சொல்லலாமே அன்றித் திரும்பினவன் என்று எவ்வாறு சொல்வது?

தேரி மணல் சூழ்ந்த திருநெல்வேலிச் சீமைக் கிராமம் ஒன்றில், என் தகப்பனாரின் கருப்பட்டிக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த இளம்பிராயத்திலே, பனையேறி ஒருவரின் மனைவி ஓலைப் பெட்டியில் சுமந்து வந்த சரக்கை நிறுத்து, தராசு காட்டிய எடையில் மூன்று வீசையைக் குறைத்துப் பேரேட்டில் பதிந்து, அந்த வித்தியாசத்தை என் சொந்தச் செலவுக்கு வைத்துக்கொண்டேன். எழுத்தறியாத அந்த அம்மாள், நான் வாசித்துச் சொன்ன தொகையைக் கேட்டு, ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

அதன்பின் லெந்து நாட்கள் வந்தபோதெல்லாம் அந்த மூன்று வீசை என் நெஞ்சில் கனத்தது. தன்னைத்தானே சோதித்தறிந்த பின்பே அப்பத்தில் புசிக்கவேண்டுமெனப் பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபைக்கு எழுதியதை நினைந்து, திருவிருந்துக்கு முந்தின இரவுகளில் முழங்காலில் நின்று கண்ணீர் வடித்தேன். ஆயினும், ஆண்டவரிடத்தில் பலமுறை அறிக்கையிட்ட நான், அரை மைல் தொலைவிலிருந்த அந்தக் குடிசைக்கு ஒருமுறையேனும் போகவில்லை. அழுது முடித்ததும் நெஞ்சு லேசாகிவிடும். லேசான நெஞ்சைச் சுத்தமான நெஞ்சென்று எண்ணி நான் ஆண்டுக்கணக்காக ஏமாந்தேன்.

இந்த மயக்கத்துக்கு வேதம் இடங்கொடுப்பதில்லை. வஞ்சித்து எடுத்ததை, முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உடையவனுக்குக் கொடுக்கச் சொல்லிய பின்னரே லேவியராகமம் 6ஆம் அதிகாரம் குற்றநிவாரண பலியைப் பற்றிப் பேசுகிறது. மலைப்பிரசங்கத்திலோ, சகோதரனுக்கு நம்மேல் குறை உண்டென்று நினைவுவந்தால், காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டுப் போய், முதலில் அவனோடு ஒப்புரவாகும்படி ஆண்டவரே கட்டளையிடுகிறார். எரிகோவிலே ஆயக்காரருக்குத் தலைவனாயிருந்த சகேயுவும், தான் அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்பித் தருவதாகவே சொன்னான். இவ்விதம் ஈடுசெய்து மன்னிப்பை விலைக்கு வாங்குகிறோம் என்பதல்ல. ஆண்டவர் அவன் வீட்டுக்குள் புகுந்த பின்பே அவன் கை திறந்தது. ஆனால் அவர் புகுந்த வீட்டில் கை மூடியே இருக்கவும் முடியாது.

ஒரு பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், சகேயுவின் கணக்கை மனத்தில் கொண்டு, நாலத்தனையான பணத்தை எடுத்துக்கொண்டு நான் அந்த வாசலில் போய் நின்றேன். நரைத்துக் கூனிப்போயிருந்த அந்த அம்மாளிடம், "பெரியம்மா, முன்னொரு நாள் உங்கள் எடையைக் குறைத்து எழுதினேன்" என்று தொடங்கியதும், அவர் கையமர்த்தி, "மூணு வீசை" என்றார். நான் நீட்டிய பணத்தை விரல்விட்டு எண்ணி, மூன்று வீசைக்கு உரியதை மாத்திரம் எடுத்துக்கொண்டு, "என்னோடது எனக்குப் போதும், தம்பி" என்று மீதியை என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

பேரேட்டில் எழுதி வைத்த நான் மறக்க முயன்றதை, எழுத்தறியாத அவர் ஓர் அணுவும் பிசகாமல் நினைவில் வைத்திருந்தார். திருப்பிக் கொடுக்கப்பட்ட அந்த மீதிப் பணம் என் அந்தரங்கத்தில் மறைந்திருந்த இன்னொரு பாவத்தையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது: கடனைத் தீர்க்கப் போன இடத்திலும் நான் தாராள மனமுடையவனாகக் காட்சியளிக்க விரும்பியிருந்தேன். விசுவாசியின் ஜீவியம் முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்கவேண்டுமென்பதை, 1517இல் லுத்தர் தம்முடைய 95 கொள்கைகளில் முதலாவதாக வைத்த நியாயம் அன்றுதான் எனக்கு விளங்கிற்று. ஒரு பாவத்தை விட்டுத் திரும்பும் வழியிலேயே மற்றொன்று நம்மோடு நடந்துவருகிறது.

ஆகையால், வாசகரே, அடுத்த முறை ஆத்தும சோதனைக்காக முழங்காலிடும்போது, நான் என்ன பாவம் செய்தேன் என்பதோடு நிறுத்தாமல், யாருக்குச் செய்தேன் என்றும் கேளுங்கள். அவர் மரித்துப்போயிருந்தால், உங்களை ஆண்டவருடைய கிருபைக்கு ஒப்புவியுங்கள். உயிரோடிருந்தால், ஆலய மணி அடிக்கும் முன்னே எழுந்து அவர் வீட்டுக்குப் போங்கள். பலிபீடத்துக்குப் போகும் வழி அந்த வாசலைக் கடந்தே செல்கிறது.