வேதனையில்லாத சாவு: 73ஆம் சங்கீதத்தின் நான்காம் வசனம்

எபிரெய வேதத்தின் 73ஆம் சங்கீதத்தைப் பாடியவர் ஆசாப் என்கிறது அதன் தலைப்பு. தாவீது காலத்தில் உடன்படிக்கைப் பெட்டியின் முன் கைத்தாளம் ஒலிக்கச் செய்த லேவியர் அவர். துன்மார்க்கர் செழித்திருப்பதைப் பார்த்துப் பொறாமைப்பட்டதையும், கால் சறுக்கி விழப்போனதையும் பாடகர் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறார். அந்தப் பொறாமைக்கு முதல் காரணமாக நான்காம் வசனத்தில் அவர் காட்டுவது அவர்களுடைய சாவை. அதில் வேதனை இல்லை, இறுக்கும் கட்டு இல்லை; உடம்பும் வாடாமல் திடமாகவே இருக்கிறது.

அவர்களுடைய பெருமையும் கொடுமையும் இதற்குப் பிறகுதான் வருகின்றன. செல்வம் சேர்ப்பதோ பன்னிரண்டாம் வசனத்தில்தான். சாவு முந்திக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இறந்தவர்கள், நல்லவர் கெட்டவர் என்ற பேதமில்லாமல், ஷியோல் என்னும் பாதாளத்துக்கே போகிறார்கள் என்பதுதான் பழைய இஸ்ரவேலின் பொதுவான எண்ணம். பிற்காலத்தில் பேசப்பட்ட சொர்க்கமும் நரகமும் அங்கே இல்லை. ஒருவன் செய்த அநியாயத்துக்குக் கூலி கிடைக்க வேண்டுமென்றால் உயிர் போவதற்குள் கிடைத்தாக வேண்டும். மரணப்படுக்கைதான் கடைசி வாய்ப்பு. அங்கேயும் அவன் நோகாமல் கண்மூடினால், அவனிடம் பறிகொடுத்தவர்களுக்கு நியாயம் கேட்க வேறு இடமே இல்லை. யோபுவின் புகாரும் இதுவே. துன்மார்க்கன் சுகமாக வாழ்ந்து, நொடியில் பாதாளத்தில் இறங்கிவிடுகிறான், ஊரே அவன் பாடையின் பின்னால் போகிறது, அவன் கல்லறைக்குக் காவலும் வைக்கிறார்கள் என்று 21ஆம் அதிகாரத்தில் யோபு குமுறுகிறார்.

இந்த வசனம் சாவைப் பற்றியதுதானா என்ற கேள்வியும் இருக்கிறது. மூல எழுத்துகளை வேறு இடத்தில் பிரித்தால் சாவு மறைந்து, அவர்களுக்கு நோவே இல்லை, நல்ல ஆரோக்கியம் என்ற பொருள் வருகிறது. இக்கால மொழிபெயர்ப்புகள் பல இப்படித்தான் எடுத்துக்கொள்கின்றன. இலக்கணப்படி அது சரளமாகவே அமைகிறது. ஆனாலும் மரபு காத்துவந்த பழைய பாடத்தை அவ்வளவு சுலபமாகக் கைவிட முடியாது. பாட்டின் பிற்பகுதி துன்மார்க்கரின் முடிவைப் பற்றியும் பாடகரின் சொந்த முடிவைப் பற்றியும் பேசுவதால், சாவில் தொடங்குவதே அதற்குப் பொருந்தும்.

யூத மரபுநூலான தால்மூதின் சபாத் பகுதியில் ரப்பிகளும் சாவு என்றே கொண்டார்கள். மரண நாளை நினைத்துத் துன்மார்க்கருக்கு நடுக்கமோ துக்கமோ இல்லை, நெஞ்சு மண்டபம் போல அசையாமல் நிற்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். போகிற வழி எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்தும் அவர்கள் திருந்துவதில்லை என்றும் சேர்த்தார்கள். ஆசாப் பொறாமைப்பட்ட அதே வலியின்மையை இந்த விளக்கம் மரத்துப்போன மனத்தின் அடையாளமாக மாற்றிவிடுகிறது. ஆழமான பார்வைதான். ஆனால் கொடியவன் நிம்மதியாகச் செத்தான் என்ற உண்மை அப்படியே நிற்கிறது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அதனால் ஆறுதல் கிடைப்பதில்லை.

பாட்டு திரும்பும் இடம் பதினேழாம் வசனம். பரிசுத்த ஸ்தலத்துக்குள் போன பிறகே அவர்கள் முடிவு விளங்கியது என்கிறார் பாடகர். உடனே சறுக்கலான இடம், திடீர் அழிவு, விழித்ததும் கலையும் கனவு என்று அடுத்தடுத்து வருகின்றன. அப்படியானால் துன்மார்க்கர் கடைசியில் துடித்துச் சாவார்கள் என்பதுதானே பதில் என்று சிலர் வாசிக்கிறார்கள். அந்த வாசிப்பு நான்காம் வசனத்தைப் பொய்யாக்குகிறது. பாட்டிலோ அந்த வசனம் எங்கும் திரும்பப் பெறப்படவில்லை. கனவு கண்டவனுக்கு வலிக்க வேண்டுமென்பதில்லை. கண்டது எதுவும் விழித்தபின் கையில் இருக்காது, அவ்வளவே.

உண்மையான பதில் இருபத்தாறாம் வசனத்தில் இருக்கிறது. அங்கே பாடகர் தம் உடம்பைப் பற்றிப் பேசுகிறார். தம் மாம்சமும் இருதயமும் மாய்ந்துபோகும், தேவனே தமக்குக் கன்மலையும் பங்கும் என்கிறார். துன்மார்க்கனின் உடம்பு திடமாக இருந்தது. பக்தனின் உடம்போ ஓய்ந்துபோகிறது. நல்ல சாவு நல்லவனுக்கு என்று அவர் கேட்கவும் இல்லை, அப்படி வாக்குக் கொடுக்கப்படவும் இல்லை. பங்கு என்றது லேவியருக்கே உரிய பேச்சு. தேசத்தைப் பிரித்தபோது அந்தக் கோத்திரத்துக்கு மட்டும் நிலம் ஒதுக்கவில்லை, கர்த்தரே அவர்கள் பங்கு என்று எண்ணாகமம் சொல்கிறது. நிலமில்லாத கோத்திரத்துப் பாடகர் இப்போது உடம்பும் போகும் நிலையில் அதே உரிமையைப் பற்றிக்கொள்கிறார்.

இந்தச் சங்கீதம் ஒரு சாவின் அருகே வாசிக்கப்பட்டதும் உண்டு. ஜெர்மனியின் யூதச் சிந்தனையாளர் ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக்கை 1922இல் தசைகளை முடக்கும் நோய் பிடித்தது. நான்காம் வசனம் இல்லையென்று சொன்ன கட்டு ஒவ்வொன்றும் அவர் உடம்பில் விழுந்தது. கை போயிற்று, பேச்சும் போயிற்று. அவர் சைகையால் எழுத்துகளைக் காட்ட, மனைவி ஈடித் அவற்றைக் கூட்டிச் சொற்களாக்கினார். அந்த நிலையிலும் மார்ட்டின் பூபருடன் சேர்ந்து 1925 முதல் எபிரெய வேதத்தை ஜெர்மனில் பெயர்த்துவந்தார். 1929 டிசம்பரில், 42 வயதில் அவர் இறந்தபோது அடக்கத்தில் இரங்கலுரை இல்லை; பூபர் 73ஆம் சங்கீதத்தை வாசித்தார். பின்னாளில் பூபர் இந்தப் பாட்டுக்கு ஒரு விளக்கமும் எழுதினார். இருதயம் என்ற சொல் இதில் ஆறு முறை வருகிறது. தேவன் நல்லவரா என்பது ஒருவனுக்குத் தெரிவதும் தெரியாததும் அவன் இருதயத்தின் நிலையைப் பொறுத்தது என்று அவர் கண்டார்.

இந்தப் பாட்டில் மறுமை உண்டா என்பதில் உரைகாரர்கள் ஒன்றுபடவில்லை. இருபத்துநான்காம் வசனத்தில் பாடகர், பின்பு தேவன் தம்மை எடுத்துக்கொள்வார் என்கிறார். ஏனோக்கையும் எலியாவையும் தேவன் எடுத்துக்கொண்டதைச் சொல்லும் அதே வினைச்சொல் இது. சாவுக்கு அப்பாலான வாழ்வு இங்கே தெரிகிறது என்று பலர் கொள்வதற்கு அதுவே ஆதாரம். இந்த வாழ்விலேயே கிடைக்கும் மீட்பு என்கிறார்கள் வேறு சிலர். எடுத்துக்கொள்பவர் யார் என்பதைப் பாட்டு உறுதியாகச் சொல்கிறது. போய்ச்சேரும் இடத்தை அது வருணிக்கவில்லை.