ஐயமும் தொழுகையும்

நாற்பத்தைந்து வயதை எட்டிய பெண்மணிகள் பலர் வாய்விட்டுக் கேட்க வெட்கப்பட்டு, மனத்துக்குள்ளேயே வைத்துப் புழுங்கும் கேள்வி ஒன்றுண்டு. மாதந்தோறும் கணக்காக வந்துகொண்டிருந்தது தவறுகிறது. இரண்டு மாதம் இல்லை. பிறகு இருபது நாள் நிற்காமல் உதிரம். இது ஹைளா, இஸ்திஹாளாவா? தொழுவதா, விடுவதா?

பேணுதலாக இருந்துவிடுவோம் என்று இதில் ஒதுங்கவும் முடியாது. ஹைளில் தொழுவது ஹராம். ஹைளல்லாத உதிரத்துக்காகத் தொழுகையை விடுவதோ பெரும் பாவம். உண்மையை அறிய வழியில்லாத ஓர் அடியாளிடம் அல்லாஹுத் தஆலா எதைத்தான் கேட்கிறான்?

ஃபாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) அவர்கள் இதே தவிப்போடு நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, உதிரம் நிற்கவேயில்லை, தொழுகையை விட்டுவிடவா என்று கேட்டார்கள். அது ஒரு நாளத்திலிருந்து வருவது, ஹைளுடைய நாட்களில் மட்டும் விட்டு, பின்பு சுத்தம் செய்து தொழுதுகொள்ளும்படி பெருமானார் பணித்தார்கள். உடலுக்குள் நடப்பதைத் துருவி அறிந்து வரச் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிந்த அடையாளத்தையும் பழைய வழக்கத்தையும் பற்றிக்கொள்வதே அவள்மீதுள்ள கடமை என்று நாம் விளங்குகிறோம். அதற்கப்பால் உள்ளது அவனுடைய இல்முக்கு உரியது.

இமாம்கள் எண்களை வரையறுத்துத் தந்ததும் இந்தத் தவிப்பைத் தீர்ப்பதற்கே. ஷாபிஈ மத்ஹபில் ஹைளு குறைந்தது ஒரு பகலும் ஓர் இரவும், கூடியது 15 நாள். ஹனபி மத்ஹபில் 3 நாளும் 10 நாளும். இரண்டு ஹைளுக்கு இடைப்பட்ட சுத்தம் 15 நாளுக்குக் குறையாது என்பதில் இருவரும் ஒன்று. சுத்தத்துக்கு உச்ச வரம்பு இல்லாததால், வராத இரண்டு மாதமும் தயக்கமின்றித் தொழ வேண்டியவையே. இருபது நாள் கண்டவர், வரம்பு தாண்டியதும் குளித்துத் தொழத் தொடங்க வேண்டும். முன்வழக்கம் 7 நாளென்றால், அது போக மீதி நாட்களில் விட்டவற்றைக் களாச் செய்ய வேண்டும். (உதிரத்தின் நிறம் தெளிவாக வேறுபட்டால் ஷாபிஈ முறையில் முதலில் அதையே பார்ப்பார்கள், விவரத்தை ஆலிமிடம் கேட்கவும்.) இஸ்திஹாளா நாட்களில் வக்து வந்தபின் சுத்தம் செய்து, துணி வைத்துக் கட்டி, உளூச் செய்து, தாமதியாமல் தொழுதால் போதும், இடையில் கசிந்தாலும் தொழுகை கூடும்.

“வயது போய்விட்டது, இனி ஹைளேது” என்று தாமே முடிவு கட்டுவோரும் உண்டு. மாதம் முழுவதும் தொழுகையை விட்டுவிடுவோரும் உண்டு. இருவருமே நாளை எண்ணாதவர்கள். சுவர்க் காலண்டரில் ஒரு பென்சில் கோடு போட்டு வந்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

மார்க்கத்தைக் கற்க வெட்கம் தடையாகாத அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டினார்கள். நம் வீடுகளில் வெட்கம் தடுத்தால், கணவராவது கேட்டு வந்து சொல்ல வேண்டாமா?

இன்னொன்று. முட்டை வெளிப்படாத மாதங்களில் கருப்பையின் உட்படலம் தடித்து, பின் ஒழுங்கின்றி உதிரம் போவது இவ்வயதில் சகஜம். ஆனால் 12 மாதம் அறவே நின்றபின் மீண்டும் உதிரம் கண்டால், ஒரு சொட்டாயினும், பத்வாவோடு நின்றுவிடாமல் மருத்துவரிடமும் காட்ட வேண்டும்.