நோயுற்ற உடலும் குறைவற்ற கைங்கர்யமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நாட்பட்ட நோயுடனும் உடற்குறையுடனும் வாழும் பாகவதர்கள் நம்மிடையே பலர் உளர். வாரத்தில் 3 நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம் டயாலிஸிஸ் செய்துகொள்பவருக்குக் காலக்ஷேப கோஷ்டியில் அமர்வது அரிதாகிறது. பார்க்கின்ஸன் நோயால் கை நடுங்குபவருக்குத் திருமண்காப்பைத் தாமே தரித்துக்கொள்ள இயலுவதில்லை. வலியைக் காட்டிலும், ‘கைங்கர்யத்துக்கு உதவாத இவ்வுடலோடு இருந்து என்ன பயன்?’ என்னும் எண்ணமே இவர்களை மிகவும் வருத்துகிறது.

இவ்விடத்தில் கூரத்தாழ்வானை நினைக்கவேண்டும். எம்பெருமானாருடைய காஷாயத்தைத் தாம் தரித்துச் சோழன் சபைக்குச் சென்று திருக்கண்களை இழந்தவர் அவர். பின்பு திருமாலிருஞ்சோலையில் எழுந்தருளியிருந்த காலத்தில் அழகர் விஷயமாக ஸுந்தரபாஹு ஸ்தவத்தை அருளிச்செய்தார். எம்பெருமானார் மேல்கோட்டையிலிருந்து திரும்பியபின், பேரருளாளனிடம் கண்களை வேண்டும்படி நியமித்தார். ஆழ்வானோ, தம் துன்பத்துக்குக் காரணமான நாலூரானும் தாம் பெறும் பேற்றையே பெறவேண்டும் என்று வேண்டினார்.

இச்சரித்திரத்தைக் கொண்டு நோயாளியிடம் ‘ஆழ்வானைப்போல் பொறுத்திரும்’ என்று உபதேசிப்பது தகாது. தமக்காகக் கண்ணை வேண்டாதவர் ஆழ்வான். ஆனால் அவருக்குக் கண் வேண்டும் என்று தவித்தவர் எம்பெருமானார். பொறுமை நோயுற்றவர் தாமே மேற்கொள்வது. நோய் தீரவேண்டும் என்னும் தவிப்பு அருகிலிருப்பவருடைய கடமை. மருந்தை நாடுவதும் சரணாகதிக்கு விரோதமன்று.

‘இது எந்த வினையின் பயனோ’ என்று பிறர் பேசுவதும் அத்தகையதே. கண்ணிழந்ததற்குக் காரணம் வினவப்பட்டபோது, ‘ஒரு ஸ்ரீவைஷ்ணவருடைய திருமண்காப்பு கோணலாயிருக்கிறது என்று அடியேன் நினைத்திருக்கக்கூடும்’ என்றாராம் ஆழ்வான். தம்மிடத்தில் அவர் குற்றம் தேடினார். அவரிடத்தில் குற்றம் தேடியவர் எவருமிலர். பிறருடைய வினையைக் கணக்கிடும் அதிகாரம் நமக்கு இல்லை.

இனி, உடல் உதவாதபோது கைங்கர்யம் குன்றுமோ எனில், குன்றாது. ஆத்மாவுக்கு ஸ்வரூபம் சேஷத்வம்; அது கைகால்களின் வலிமையைப் பற்றி நிற்பதன்று. ப்ரபத்திக்கு வேண்டுவது ஆகிஞ்சந்யம். அதாவது, தம்மிடம் வேறு கைம்முதல் இல்லை என்னும் உணர்வு. படுக்கையில் கிடப்பவருக்கு அவ்வுணர்வை எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. உடலும் மனமும் நலமாயிருக்கையில் தன்னை நினைத்தவன், கட்டையும் கல்லும்போலக் கிடக்கும் தசையில் அவனைத் தானே நினைப்பதாக வராஹப் பெருமான் உறுதியளித்துள்ளான். மறதி நோயால் திருநாமமும் நினைவில் நில்லாத பெரியோரைப் பேணுபவர்களுக்கு இதைவிட ஆறுதல் ஏது?

ஆயினும் அவன் நினைக்கிறான் என்பதால் நாம் அவர்களை மறந்திருக்கலாகாது. சோளிங்கர்ப் பெரியமலையில் 1,305 படிகள். இப்போது ரோப் கார் அமைந்திருப்பதால் ஏற இயலாதவரும் யோக நரஸிம்ஹனை ஸேவிக்கமுடிகிறது. அவ்வாறே, கோஷ்டிக்கு வர இயலாதவர் இல்லத்துக்கு நாமே சென்று உடனமர்ந்து பாசுரம் அநுஸந்திப்பதும், தீர்த்த ப்ரஸாதத்தைக் கொண்டு சேர்ப்பதும், நடுங்கும் கையைப் பற்றித் திருமண்காப்பு சாற்ற உதவுவதும் பாகவத கைங்கர்யமே. அதை ஏற்றுக்கொள்வதால் அவர் நமக்குச் சுமையாவதில்லை. நாம் கைங்கர்யம் பெறுவதற்கு அவர் வழியாகிறார்.

ஆழ்வான் திருவடிகளே சரணம்.