சுமை ஏற்றும் கை

தொழில் நிறுவனங்களைப் பழைய மரபின என்றும் புதிய தலைமுறையின என்றும் பிரித்துப் பேசுவது இப்போது பெருவழக்காகிவிட்டது. பழைய நிறுவனத்தில் ஆலைச்சங்கு ஊதும். வருகைப் பதிவேடு இருக்கும். மேலாளர், உதவி மேலாளர், மேற்பார்வையாளர் என அதிகாரம் படிப்படியாக இறங்கி வரும். இருபது வயதில் நுழைந்தவர் ஐம்பத்தெட்டு வயதில் மாலையும் கைக்கடிகாரமும் பெற்று விடைபெறுவார். புதிய நிறுவனத்தில் சங்கும் இல்லை, பதிவேடும் இல்லை. எப்போது வந்தாய் என்று கேளார். எதை முடித்தாய் என்றே கேட்பர். தலைவரையும் பெயர் சொல்லி அழைக்கலாம். இரண்டாண்டில் வேறிடம் தேடிச் செல்வது இழுக்கன்று.

இவ்வளவும் உண்மையே. ஆயினும் அறநோக்கில் பார்ப்பவருக்கு இவை பெரும்பாலும் புற வேறுபாடுகளாகவே தோன்றும். ஒரு மனிதன் தோளில் வேலைச்சுமையை ஏற்றுகிற கை யாருடையது, அக்கைக்கு உரியவர் அந்தத் தோளைக் காண்கிறாரா என்பதில்தான் பழைய முறைக்கும் புதிய முறைக்கும் ஆழ்ந்த வேறுபாடு இருக்கிறது. அதனையே இங்குச் சிந்திக்க விழைகிறேன்.

பழைய முறையைப் பொற்காலமாக எண்ணி ஏங்குவோர் நம்மிடையே பலர். அவர்கள் ஃபிரெடெரிக் டெய்லர் என்னும் அமெரிக்கப் பொறியாளரின் வரலாற்றை அறிய வேண்டும். பெத்லகேம் எஃகு நிறுவனத்தில் இரும்புப் பாளங்களைச் சுமந்து இரயில் பெட்டியில் ஏற்றும் பணியை அவர் 1899-ஆம் ஆண்டில் ஸ்டாப் வாட்ச் கொண்டு அளந்தார். ஒவ்வொரு பாளமும் ஏறக்குறைய 42 கிலோ எடை. அதுவரை ஓர் ஆள் நாளொன்றுக்கு 12.5 டன் ஏற்றிவந்தார். எப்போது தூக்குவது, எப்போது நடப்பது, எப்போது உட்காருவது என்று ஒவ்வோர் அசைவையும் வகுத்துக் கொடுத்து அதனை 47.5 டன்னாக உயர்த்தியதாக டெய்லரே 1911-இல் வெளிவந்த தம் நூலில் எழுதியுள்ளார். நாட்கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராயிற்று. சுமை ஏறத்தாழ நான்கு மடங்கு; கூலி ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டியது. இக்கணக்கை அவர் பெருமிதத்துடனே எழுதினார் என்பதுதான் வியப்பு.

நம் நாட்டு ஆலைகளும் இதற்குச் சளைத்தவை அல்ல. ஆலையில் வேலை வேண்டுமென்றால் மேஸ்திரியின் தயவு வேண்டும். தயவுக்கு விலை உண்டு. 1931-இல் அறிக்கை அளித்த விட்லி ஆணைக்குழு இந்தக் கையூட்டு வழக்கத்தை விரிவாகவே பதிவுசெய்தது.

ஆனால் ஒன்று. டெய்லரின் முறையில் கடிகாரத்தைப் பிடித்திருந்தது ஒரு மனிதனின் கை. 1911 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வாட்டர்டவுன் படைக்கல ஆலையில், தம் வேலையைக் கடிகாரம் வைத்து அளக்கக் கூடாதென்று வார்ப்புத் தொழிலாளர் ஒருவர் மறுத்தார், அவரை நீக்கினார்கள், உடன் பணிபுரிந்தோர் வேலையை விட்டு வெளியேறினர். செய்தி அமெரிக்க நாடாளுமன்றம்வரை சென்றது. அரசின் படைக்கல ஆலைகளில் இவ்வகைக் கடிகார ஆய்வுக்குப் பணம் செலவிடலாகாது என்று 1915-இல் விதியும் பிறந்தது. எதிரே ஆள் நின்றதனால் மறுக்க முடிந்தது.

எதிரே நிற்பவர் நல்லவராகவும் இருக்கக்கூடும். ஜாம்ஷெட்பூரில் டாட்டா இரும்பு எஃகு நிறுவனம் 1912-இலேயே எட்டு மணிநேர வேலைநாளைக் கொண்டுவந்தது. எவரும் கட்டாயப்படுத்தவில்லை; சட்டம் அதன்பின் முப்பத்தாறு ஆண்டு கழித்தே வந்தது.

அவ்வாறு வந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தை நான் ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்குக் குடிமையியல் பாடத்தில் விளக்கியதுண்டு. நாளொன்றுக்கு 9 மணி, வாரத்திற்கு 48 மணி என்பது வரம்பு. ஐந்து மணிநேரத்திற்குமேல் தொடர்ந்து வேலை வாங்கலாகாது. இடையே அரைமணியேனும் ஓய்வு தர வேண்டும். வேலை நேரங்களை எழுதி, தொழிலாளரில் பெரும்பாலோர் அறிந்த மொழியில் ஆலைக்குள் ஒட்டி வைக்க வேண்டும். இவற்றைவிட எனக்கு முதன்மையாகத் தோன்றியது வேறொன்று. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் பொறுப்பாளர் ஒருவரும் மேலாளர் ஒருவரும் பெயர் சுட்டிக் காட்டப்பட வேண்டும். தவறு நேர்ந்தால் தண்டனை அவர்களையே சாரும். சுமை ஏற்றிய கை எதுவென்று தேடி அலைய வேண்டியதில்லை. இச்சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன; அவற்றைப் பற்றிப் பின்னர்க் கூறுவேன்.

இனிப் புதிய தலைமுறை நிறுவனத்தைக் காண்போம். அதன் குளிரூட்டப்பட்ட அலுவலகத்தையன்று. அதன் பெயர் பொறித்த சட்டையணிந்து நம் தெருவில் இருசக்கர வண்டியில் விரைபவரைக் காண்போம். அவருக்கு மேற்பார்வையாளர் இல்லை. கைப்பேசிச் செயலி ஒலியெழுப்பும். சில நொடிகளுக்குள் ஏற்றுக்கொள்ள வேண்டும். எந்தக் கடை, எந்த வீடு, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு தொகை என்பதைச் செயலியே வகுக்கும். கடை வாயிலில் காத்திருக்கும் நேரத்திற்குப் பெரும்பாலும் தனிக் கூலி இல்லை. இத்தனை பொட்டலங்கள் சேர்த்தால் ஊக்கத்தொகை. ஒன்று குறைந்தாலும் அந்தத் தொகை இல்லை. பெற்றுக்கொண்டவர் தரும் நட்சத்திரங்கள் குறைந்தால் கணக்கு முடக்கப்படலாம். முடக்கியது யார், ஏன் என்று கேட்டால் பதிலளிப்பதும் பல வேளைகளில் மற்றொரு இயந்திரமே. இவரை அந்நிறுவனம் பணியாளர் என்று அழைப்பதில்லை, கூட்டாளி என்கிறது! இலாபத்தில் பங்கில்லாத இக்கூட்டு எவ்வகைக் கூட்டோ, வணிகம் அறிந்தவர்கள்தாம் விளக்க வேண்டும்.

2022-இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை, 2020-21-இல் நம் நாட்டில் இத்தகைய கிக் தொழிலாளர் 77 லட்சம் பேர் என்றும், 2029-30-இல் 2.35 கோடியாக உயர்வர் என்றும் மதிப்பிட்டது. சிறு தொகையன்று.

நம் தமிழ்ச் சமணக் குடும்பங்களில் பெரும்பாலானவை உழவைச் சார்ந்தவை. வந்தவாசி, ஆரணி வட்டாரச் சிற்றூர்களில் வண்டிமாடு பூட்டாத வீடு ஒரு காலத்தில் அரிது. அளவுக்கு மீறிய சுமையை ஏற்றுதலும், உரிய வேளையில் உணவும் நீரும் கொடாது தடுத்தலும் அகிம்சை அணுவிரதத்திற்கு நேரும் அதிசாரங்கள் என்பதை வீட்டுப் பெரியோர் மாட்டைக் காட்டியே சிறுவர்க்குக் கற்பித்தனர். நுகத்தடி அழுத்திய கழுத்துப் புண்ணும் வாயில் தள்ளிய நுரையும் வண்டியோட்டியின் கண்ணெதிரே இருந்தன. கண்டும் இரங்காதவனை ஊர் ஏசியது.

அரசும் அதற்கு விதி வகுத்தது. இழுவை விலங்குகளையும் பொதி சுமக்கும் விலங்குகளையும் கொடுமையினின்று காக்க 1965-இல் இயற்றப்பட்ட நடுவணரசு விதிகள் கூறுவது இது: எந்த விலங்கையும் நாளொன்றுக்கு மொத்தம் 9 மணி நேரத்திற்குமேல் வண்டியிழுக்கச் செய்யலாகாது, இடையே ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்திற்குமேல் பூட்டி வைக்கலாகாது, வெப்பம் 37 டிகிரி செல்சியசைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை பூட்டவே கூடாது. ஒன்பதும் ஐந்தும் ஆலைத் தொழிலாளர்க்கு 1948-இல் விதித்த அதே எண்கள் என்பதைக் கவனிக்க. மாட்டுக்கும் மனிதனுக்கும் ஒரே அளவுகோல். அதில் எனக்கு இழிவு தோன்றவில்லை, உயிர் எல்லாம் ஒன்றென்பவர்க்குத் தோன்றவும் கூடாது.

இப்போது வேலூரின் மே மாதத்து நண்பகலை எண்ணுங்கள். வெப்பம் நாற்பதைத் தாண்டுவது அங்குப் புதிதன்று. 12 மணி முதல் 3 மணி வரை மதிய உணவு வேளை. செயலி ஓயாமல் ஒலிக்கும் வேளையும் அதுவே. மாட்டை அவிழ்த்துவிடச் சொல்கிற அதே நேரத்தில் இந்த இளைஞர் கூடுதல் ஊக்கத்தொகைக்காகக் கொதிக்கும் தாரில் ஓடிக்கொண்டிருக்கிறார். அவரைத் தடுக்கும் விதி எதுவுமில்லை.

என் பேத்தி ஒருத்தி இத்தகைய நிறுவனமொன்றில் நிரல் எழுதும் பணியில் இருக்கிறாள். இதனை அவளிடம் கூறியபோது, “பாட்டி, நாங்கள் எவரையும் ஓடச் சொல்லவில்லையே. இன்ன நேரத்தில் சேர்ந்துவிடும் என்று மதிப்பிட்டுச் சொல்வதோடு எங்கள் வேலை முடிந்தது. அவர் விரும்பினால் செயலியைத் திறக்கிறார், வேண்டாமென்றால் மூடிவிடுகிறார். உங்கள் காலத்து வேலையில் அந்த உரிமை இருந்ததா?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. இருந்ததில்லை. பத்து மணிக்குமேல் வந்தால் தலைமையாசிரியர் பதிவேட்டில் சிவப்புக் கோடு போட்ட காலம் அது. மேலும், செயலி சாதி கேட்பதில்லை. சிபாரிசுக் கடிதம் கேட்பதில்லை. மேஸ்திரிக்கு மாமூல் இல்லை. கணவனை இழந்த பெண் ஒருத்தி பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நான்கு மணி நேரம் மட்டும் ஓட்டி வீடு திரும்பலாம். பழைய ஆலை அவளை அவ்வாறு ஏற்றிருக்காது. இவற்றை மறுப்பது நேர்மையாகாது.

எனினும் அவள் கூறியதன் முதற்பகுதியை என்னால் ஏற்க இயலவில்லை. மேலாளர் ‘கணினி தீர்மானிக்கிறது’ என்கிறார். நிரல் எழுதியவர் ‘நான் மதிப்பீடு மட்டுமே செய்தேன்’ என்கிறார். நிறுவனம் ‘நாங்கள் இருவரைச் சேர்த்துவைக்கும் தரகர் மட்டுமே’ என்கிறது. வீட்டிலிருந்து பொத்தானை அழுத்தியவர் ‘நான் பணம் கொடுத்தேன்’ என்கிறார். சுமை ஏறிவிட்டது, ஏற்றிய கை எங்கும் இல்லை. நம் அறநூல்கள் இவ்வழியை முன்பே அடைத்துவைத்தன. தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என மூன்றையும் வினையாகவே எண்ணின. இடையில் ஓர் இயந்திரத்தை வைத்துவிட்டதால் செய்வித்தல் செய்வித்தல் அல்லாது போய்விடுமா? இல்லத்தில் நான்கு தப்படியில் கடை இருக்க, ஒரு கட்டுக் கொத்தமல்லியைப் பத்து நிமிடத்தில் வரவழைக்கும் நாம் மூன்றாவதில் சேர மாட்டோமா?

தரகர் என்னும் வாதத்தைப் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 19 அன்று ஊபர் நிறுவனத்தின் வழக்கில் ஏற்க மறுத்தது. கட்டணத்தை வகுப்பது நிறுவனம், நிபந்தனைகளை விதிப்பது நிறுவனம், மறுப்பவரையும் மதிப்பெண் குறைந்தவரையும் ஒதுக்குவது நிறுவனம். ஆதலால் ஓட்டுநர்கள் தொழிலாளருக்குரிய உரிமைகள் உடையவரே என்று தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தாளில் எழுதிய சொல்லைவிட நடைமுறையில் ஆட்சி எவரிடம் என்பதையே நீதிபதிகள் நோக்கினர்.

அவர் விரும்பித்தானே ஏற்கிறார் என்னும் வாதம் இன்னும் கடினமானது. மாடு விரும்பி நுகத்தில் கழுத்தை நீட்டுவதில்லை, மனிதன் நீட்டுகிறான். பெத்லகேமில் பாளம் சுமந்தவரும் அறுபது விழுக்காடு கூடுதல் கூலிக்கு மனமொப்பியே சுமந்தார். வேலை நேரத்திற்கு வரம்பு விதித்தால் தம் வருவாய் குறையும் என்று வண்டியோட்டும் இளைஞரே அஞ்சுகிறார். அவ்வச்சத்தைப் புறந்தள்ளுவதற்கு ஓய்வூதியம் பெறும் எனக்கு உரிமை இல்லை. ஆனால் வாடகை கட்ட வேண்டிய நாளில் ஒருவர் கொடுக்கும் இசைவு, சுமப்பவரின் பக்கத்துக் கணக்கு. ஏற்றுபவரின் கணக்கு அதனால் தீர்ந்துவிடுவதில்லை. இரண்டும் தனித்தனி ஏடுகள்.

அலுவலகத்திற்குள் அமர்ந்திருப்போர்க்கும் இதன் சாயல் உண்டு. இரவு பதினொரு மணிக்குச் செய்தி வரும், பதிலளிக்கச் சொல்லி எவரும் ஆணையிடவில்லை, எல்லோரும் பதிலளிக்கின்றனர். வேலைநேரம் முடிந்தபின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமையைப் பிரான்சு 2017 முதலும் ஆஸ்திரேலியா 2024 முதலும் சட்டத்தில் ஏற்றன. நம் நாட்டிலோ 2023-இல் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டுமென்று இளைஞருக்கு அறிவுரை பிறந்தது.

நம் நாட்டுப் புதிய தொகுப்புகளுள் ஒன்றாகிய சமூகப் பாதுகாப்புச் சட்டம், இத்தொழிலாளரை முதன்முதலாகப் பெயரிட்டு அழைத்துள்ளது. அவர்களின் நலனுக்காக நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை செலுத்த வேண்டும் என்கிறது. இராஜஸ்தான் 2023-இல் தனிச்சட்டமே இயற்றியது; அதே ஆண்டில் தமிழ்நாடும் நல வாரியம் அமைத்தது. விபத்துக்கும் நோய்க்கும் முதுமைக்கும் இவை கைகொடுக்கக்கூடும். மணிக்கணக்குக்கும் வெயிலுக்கும் வரம்பு சொல்லும் விதி இன்னும் வரவில்லை.

வருவதற்குத் தடை தொழில்நுட்பம் அன்று. பழைய மேற்பார்வையாளருக்கு ஒருவன் களைத்தானா என்பதை ஊகிக்கத்தான் முடியும். செயலிக்கோ ஒவ்வொருவரும் எப்போது தொடங்கினார், எத்தனை மணி நேரம் இடைவிடாது ஓட்டினார், அவ்வூரில் இப்போது வெப்பம் எத்தனை டிகிரி என்பதெல்லாம் தெரியும். ஊபர் நிறுவனம் 2018-இல் பிரிட்டனில் ஒன்று செய்தது: 10 மணி நேரம் பயணிகளை ஏற்றிச் சென்ற ஓட்டுநருக்கு, தொடர்ந்து 6 மணி நேரம் ஓய்வெடுக்கும்வரை புதிய அழைப்பு எதுவும் செல்லாதபடி தன் செயலியையே அமைத்தது. ஐந்து மணி நேரத்திற்கும் 37 டிகிரிக்கும் அவ்வாறே எழுத எத்தனை நாள் ஆகும் என்று பேத்தியிடம் கேட்டேன். இரண்டு நாள் வேலை என்றாள். அதை எழுதச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறாள்.