கைதியின் சம்மதமும் விஞ்ஞானியின் கடனும்

மனித உறுப்புகளுள் மிகப் பெரியது தோல். அகத்திற்கும் புறத்திற்கும் எல்லையாக அமைவதும் அதுவே. உள்ளே தோன்றும் நோயும் வெளியிலிருந்து வரும் நஞ்சும் அதன்மீது தத்தம் குறியைப் பதிக்கின்றன. சிவத்தல், வெப்பம், வீக்கம், நோவு ஆகியவற்றால் அழற்சியை அறிகின்றோம். காயம் ஆறும்போது நார்ப்பொருள் அளவுமீறிப் பெருகினால் தோல் தடித்துத் தழும்பாகின்றது. ஒருவருக்கு நலம் தரும் மருந்து இன்னொருவருக்குக் கொப்புளங்களைத் தருகின்றது. இவை யாவும் கண்ணுக்குப் புலப்படுவன. ஈரலை ஆராய்பவன் மறைந்திருப்பதை ஊகிக்க வேண்டியவன். தோலை ஆராய்பவனோ நாள்தோறும் நேரே பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.

எனினும் விலங்கின் தோல் மனிதத் தோலை முற்றாக ஒத்ததன்று. ஆதலின், தோலில் இடப்படும் ஒரு மருந்து என்ன விளைவிக்கும் என்பதை இறுதியில் மனிதத் தோலிலேயே அறிய வேண்டியுள்ளது. அவ்வாறாயின் எவருடைய தோலில்? இவ்வினா எழுந்தவுடன் மருத்துவம் ஒழுக்கவியலின் எல்லைக்குள் வந்துவிடுகின்றது.

ஐக்கிய அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் இவ்வினாவுக்கு மிக எளிதான விடையொன்று காணப்பட்டது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துத் தோல் மருத்துவப் பேராசிரியர் அல்பேர்ட் கிளிக்மன், 1951 முதல் 1974 வரை அந்நகரின் ஹோம்ஸ்பேர்க் சிறைச்சாலையைத் தம் ஆய்வுக்களமாகக் கொண்டார். மருந்துகள், அழகுசாதனங்கள், எரிச்சலூட்டும் இரசாயனங்கள் எனப் பலவும் கைதிகளின் முதுகிலும் கைகளிலும் இடப்பட்டன. ஆராய்ச்சிக்காகத் தோற்றுண்டுகள் வெட்டியெடுக்கப்பட்டன. 1971இல் அங்கு எழுத்தறிவு கற்பிக்கச் சென்ற அலன் ஹோர்ன்புளும், உடலெங்கும் துணிக்கட்டுகளுடனும் ஒட்டுநாடாக்களுடனும் மனிதர் நடமாடுவதைக் கண்டார். பின்னர் அவர் திரட்டிய சான்றுகள் 1998இல் நூலாக வெளிவந்தபோதே இச்செய்தி பரவலாக அறியப்படலாயிற்று.

அங்கு நடந்தவற்றுள் ஒன்றை மட்டும் சற்று விரிவாக நோக்குதல் தகும். டௌ கெமிக்கல் கொம்பனியின் தொழிலாளர் சிலருக்கு டயொக்சின் கலந்த பொருள்களால் கடுமையான முகப்பருப் போன்ற தோல்நோய் உண்டாயிற்று. எவ்வளவு டயொக்சின் இந்நோயைத் தோற்றுவிக்கும் என அறியக் கொம்பனி விரும்பியது. அறுபது கைதிகளின் தோலில், 16 மைக்கிரோகிராமுக்கு மேற்படாத அளவுகள் இடப்பட்டன; நோய் தோன்றவில்லை. அதன்பின் கிளிக்மன், வேறு பத்துப் பேருக்கு 7,500 மைக்கிரோகிராம் இட்டார். கொம்பனி கருதியிருந்த உச்ச அளவின் நானூறு மடங்கிற்கும் மேற்பட்டது இது. எட்டுப் பேருக்கு நோய் கண்டது, மாதக்கணக்கில் நீடித்தது. அதனை விரைந்து ஆற்றச் சிகிச்சை எதுவும் அளிக்கப்படவில்லை. தொழிலாளரைக் காப்பதற்கு வேண்டிய அறிவு கைதிகளை நோயாளராக்கிப் பெறப்பட்டது என்பதே இதன் சாரம்.

இதற்குக் கூறப்படும் முதற் சமாதானம், கைதிகள் சம்மதித்தனர் என்பது. அவர்கள் தாமாகவே முன்வந்தனர்; பத்திரங்களில் ஒப்பமிட்டனர்; பணமும் பெற்றனர். இவை பொய்யல்ல. ஆனால் சம்மதம் என்பது ஒப்பம் மட்டுமா? சம்மதிப்பவன் எதற்குச் சம்மதிக்கின்றான் என அறிந்திருத்தல் வேண்டும். மறுத்தால் அவனுக்கு வேறு வழியும் இருத்தல் வேண்டும். தம் தோலில் இடப்பட்ட பொருள் யாதென்பதே தமக்குக் கூறப்படவில்லை எனப் பிற்காலத்தில் பலர் தெரிவித்தனர். ஆகவே முதல் நிபந்தனை அங்கேயே வீழ்ந்தது.

இரண்டாவது நிபந்தனை மேலும் நுட்பமானது. சிறையின் ஏனைய வேலைகளுக்கு ஒரு நாளில் கிடைத்தவை சில சதங்களே. பரிசோதனைகளுக்கோ டொலர்களாகக் கிடைத்தது. மேலும் அங்கிருந்தோருட் பலர் குற்றவாளிகளெனத் தீர்க்கப்பட்டவரல்லர். பிணைப்பணம் கட்ட வகையின்றி வழக்கை எதிர்நோக்கியிருந்தவர்கள். பெரும்பாலோர் கறுப்பினத்தவர். இத்தகையோருக்கு முதுகுத் தோலின் விலை சிலவேளை விடுதலையின் விலையாகவே இருந்திருக்கும்.

இங்கு ஒரு தடை எழலாம். சுரங்கத் தொழிலாளியும் வறுமையினாலேயே ஆபத்தை ஏற்கின்றான். அவன் சம்மதமும் செல்லாதெனின் ஏழைகளின் எந்தச் சம்மதம்தான் செல்லும்? கைதிக்குச் சம்மதிக்கும் தகுதி இல்லையென்பது அவனைக் குழந்தையாக்கி மேலும் இழிவுபடுத்துவதாகாதா? இத்தடை வலிமையானதே. ஆனால் குறை கைதியின் அறிவிலன்று, அவன்முன் வைக்கப்பட்ட தெரிவில் உள்ளது. சுரங்கத் தொழிலாளி ஆபத்தை அறிவான். வேலையை விட்டு நீங்கவும் இயலும். சிறையிலோ ஏனைய கதவுகளை அடைத்த அதிகாரமே ஆய்வாளனுக்கு மட்டும் ஒரு கதவைத் திறந்துவைக்கின்றது. வழிகளையெல்லாம் அடைத்தபின் எஞ்சிய ஒன்றைக் காட்டி, “நீயே தெரிந்தெடுத்தாய்” என்பது தருக்கத்திற்குப் பொருந்தலாம், அறத்திற்குப் பொருந்தாது.

இரண்டாவது சமாதானம் காலத்தைப் பற்றியது. சிறைகளில் ஆய்வு நடத்துதல் அக்கால வழமையே எனக் கிளிக்மன் வாதிட்டார். அவ்வழமை இருந்தது மெய்யே. நூரெம்பேர்க் வழக்கில் நாசி மருத்துவரின் தரப்பினரும் அமெரிக்கச் சிறைகளில் நடந்த பரிசோதனைகளைச் சுட்டிக்காட்டினர். எனினும் அதே வழக்கில் அமெரிக்க நீதிபதிகள் 1947இல் வகுத்த நெறிகளுள் முதலாவது, ஆய்வுக்கு உட்படுபவரின் சுயாதீனமான சம்மதம் இன்றியமையாதது என்பதாகும். அந்த நெறி தோன்றி நான்கு ஆண்டுகளின் பின்னரே ஹோம்ஸ்பேர்க் ஆய்வுகள் ஆரம்பமாயின. ஆகவே அக்காலத்தவர் அறியாதிருந்தனர் எனல் இயலாது. அந்நெறி கொடியவர்களுக்காக எழுதப்பட்டது, தமக்கன்று என எண்ணினர் எனலே பொருந்தும்.

மூன்றாவது சமாதானமே மிகக் கடினமானது. அது பயனைப் பற்றியது. விற்றமின் ஏயிலிருந்து பெறப்படும் ட்ரெட்டினோயின் என்னும் மருந்து ஹோம்ஸ்பேர்க்கில் பரிசோதிக்கப்பட்டு, முகப்பருவுக்கான சிகிச்சையாக 1971இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வெயிலால் முதுமையுறும் தோலுக்கும் அது பிற்காலத்தில் பயன்பட்டது. இலட்சக்கணக்கானோர் நலம் பெற்றனர். மொத்த இன்பத்தையும் மொத்தத் துன்பத்தையும் நிறுத்துப் பார்க்கும் பயன்பாட்டுவாதி, தராசு பயனின் பக்கமே தாழ்கின்றது எனக் கூறக்கூடும்.

ஆனால் அத்தராசின் இரு தட்டுகளிலும் இருப்போர் ஒருவரல்லர் என்பதே இங்குக் கவனிக்கற்பாலது. துன்புற்றவர் கைதிகள், இன்புற்றவர் வேறு மனிதர். இராமனிடம் பெற்ற கடனைச் சோமனுக்குத் தானமாகக் கொடுத்துத் தீர்த்துவிட்டதாக எவரும் சொல்வதில்லை. மனிதகுலத்திற்கு நன்மை செய்தமை கைதிக்கு இழைத்த தீமையை ஈடுசெய்யாது. அவனுக்குரியது அவனிடமே சேர வேண்டும். மனிதனை எப்போதும் நோக்கமாகவும் கொள்ளுக, வெறும் கருவியாக ஒருபோதும் கொள்ளற்க என 1785இல் இம்மானுவேல் கான்ட் நிறுவிய கருத்தின் ஆழம் இத்தகைய இடத்திலேயே விளங்குகின்றது. தோல் என்பது ஒருவருடைய தோல். அதனை உடையவரை மறந்து மேற்பரப்பை மட்டும் காண்பதே அனைத்துக்கும் மூலமான தவறாகும்.

அங்ஙனமாயின் அவ்வறிவை எறிந்துவிடுவதா? அறிந்ததை அறியாததாக்க எவராலும் இயலாது; மருந்தை மறுப்பதால் பழைய தழும்பு ஒன்றேனும் மறையப் போவதுமில்லை. மருந்தைப் பயன்படுத்துதல் குற்றமன்று. ஆனால் அதன் வரலாற்றை மறைத்துப் பயன்படுத்துதல் குற்றத்தின் தொடர்ச்சியாகும். அறிவைப் பெற்றவர்கள் அதனோடு சேர்ந்த கடனையும் பெற்றவர்களாவர். உண்மையைக் கூறுதல், பாதிக்கப்பட்டவரைத் தேடிச் சிகிச்சையும் இழப்பீடும் வழங்குதல், அத்தகைய களம் மீண்டும் உருவாகாது காத்தல் என்பன அக்கடனின் பகுதிகள்.

இவற்றுள் இறுதியானது ஓரளவு நிறைவேறியது. சிறைக்கைதிகளை ஆய்வுக்கு உட்படுத்துதல் 1978இல் அமெரிக்க மத்திய அரசின் விதிகளால் கடுமையாக மட்டுப்படுத்தப்பட்டது. ஏனையவை தாமதமாயின. ஏறத்தாழ முந்நூறு முன்னாட் கைதிகள் 2000இல் தொடுத்த வழக்கு, காலங்கடந்ததென்ற காரணத்தால் தள்ளுபடியாயிற்று. கிளிக்மன் 2010இல் மறைந்தார். பல்கலைக்கழகத்தின் மருத்துவபீடம் 2021இலும், பிலடெல்பியா நகரம் 2022இலும் மன்னிப்புக் கோரின. அம்மன்னிப்பைக் கேட்க வேண்டியவர்களுட் பலர் அதற்கு முன்னரே இறந்துபோயினர். தனக்கு இழைக்கப்பட்டது யாதென்பதையே நெடுங்காலம் அறியாதிருந்தவனிடம், நீ காலந்தாழ்த்தி வந்தாய் எனச் சட்டம் சொல்லலாம், அறம் சொல்லமாட்டாது.

ஆய்வு நிகழும் எந்தப் பல்கலைக்கழகமும் இவ்வரலாற்றிலிருந்து விலகி நிற்க முடியாது. மருத்துவமனையின் இலவசப் படுக்கையிலும், வறிய கிராமத்திலும், ஆசிரியரின் தயவை நாடும் மாணவரிடையேயும், “வேண்டாம்” எனச் சொல்லத் தயங்குவோர் இருக்கவே செய்வர். அவர்களை அணுகும் ஆய்வாளன் சம்மதப் பத்திரத்தை நீட்டுமுன் தன்னைத்தானே கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு: இம்மனிதர் மறுத்தால் இவருக்கு என்ன நேரும்? மறுப்பினால் எவ்வித இழப்பும் நேராது என்பதை உறுதிசெய்யும்வரை, அவர் இடும் ஒப்பத்தைச் சம்மதமெனக் கொள்ள அவனுக்கு உரிமையில்லை.