படிப்பு யாருக்காக?



பரீட்சை வந்துவிட்டால் நம் ஜெபக்கூட்டத்தில் விண்ணப்பங்கள் குவியும். "பாஸ்டர், பையன் பாஸாகணும், நல்ல வேலை கிடைக்கணும்" என்பார்கள். ஜெபிக்கிறோம், கர்த்தரும் கேட்கிறார். ஆனால் பிரியமானவர்களே, அந்தப் படிப்பு யாருக்காக என்று நாம் யோசித்தோமா?

2 இராஜாக்கள் 6-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்க. தீர்க்கதரிசிகளின் புத்திரர் யோர்தானுக்கு மரம் வெட்டப் போனார்கள். குருவாகிய எலிசாவும் கூடவே போனார். இரும்புக் கோடரி மிதந்த அற்புதம் அந்த வேலை ஸ்தலத்தில்தான் நடந்தது!

நம் தமிழ்நாட்டில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் வேலூரில் ஒரே படுக்கையோடு வைத்திய ஊழியத்தை ஆரம்பித்தார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். நோயாளி வரட்டும் என்று காத்திராமல், சாலையோரத்துக்கே மருந்தைக் கொண்டுபோனார். அந்தக் கல்லூரி மாணவர்கள் இன்றைக்கும் கிராமத்தில் தங்கி, வீடு வீடாய்ப் போய் ஜனங்களின் வாழ்க்கையைப் படிக்கிறார்கள். ஊழியம் வாங்க அல்ல, செய்யவே ஆண்டவர் வந்தார் என்ற மாற்கு 10:45-ன் சத்தியமே அந்தக் கல்லூரியின் கொள்கை.

அமெரிக்காவிலும் கறுப்பின ஜனங்களுக்காக 1881-ல் டஸ்கீகி என்ற கல்விச்சாலை உண்டானது. அதன் முதல் தலைவர் புக்கர் வாஷிங்டன் அடிமையாகப் பிறந்தவர். ஏழை விவசாயி கல்லூரிக்கு வர முடியவில்லை. ஆகவே 1906-ல் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்ற விஞ்ஞானி ஒரு வண்டியை ஏற்பாடு செய்தார். ஏரும் விதையும் ஏற்றிக்கொண்டு கல்லூரியே வயலுக்குப் போனது!

நம் நாட்டிலும் 1969-ல் நாட்டு நலப்பணித் திட்டம் வந்தது. 7 நாள் முகாமுக்கு நம் பிள்ளைகளும் போகிறார்கள். பேனர் கட்டி, போட்டோ எடுத்துட்டுத் திரும்பினால் போதுமா? நல்ல சமாரியன் எட்டிப் பார்த்துவிட்டுப் போகவில்லை. காயத்தைக் கட்டினான், செலவையும் ஏற்றான்.

வாலிபத் தம்பி, தங்கச்சி! ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். உனக்கும் அப்பத்தான் கோடை லீவு. தேவிபட்டினம் கரையில் நிவாரணப் பணம் வந்ததா என்று பாஸ்புக்கைப் படிக்கத் தெரியாத பாட்டி உண்டு. உதவித்தொகை மனு எழுத ஆள் தேடும் விதவைத் தாய் உண்டு. கணக்குப் பாடம் புரியாத சின்னப் பிள்ளைகள் உண்டு. போய் உட்கார். முதலில் அவங்க சொல்றதைக் கேள். காற்றையும் நீரோட்டத்தையும் அறிந்த அந்தப் பெரியவரிடம் நீ கற்க வேண்டியதும் உண்டு. எந்த மதம், எந்தத் தெரு என்று கேட்காதே.

பெற்றோரே, "என் பிள்ளை படிச்சவன், அவன் ஏன் அங்கே போகணும்?" என்று தடுக்காதீர்கள். சகலமும் அறிந்த ஆண்டவரே துண்டைக் கட்டிக்கொண்டு சீஷரின் கால்களைக் கழுவினாரே! சபைக்குள் அந்நிய பாஷை பேசுகிற நாவு, வெளியே ஏழைக்காக ஒரு மனுவையும் வாசிக்கட்டும். எழுப்புதல் தெருவுக்கும் வரட்டும்.

கர்த்தர் தாமே நம் பிள்ளைகளின் படிப்பை ஆசீர்வதித்து, அநேகருக்கு ஆசீர்வாதமாக்குவாராக. ஆமென், அல்லேலூயா!