பெயர் சொல்லாத கவிதைகள்

வரைவதும் எழுதுவதும் மனம் அடங்கித் தனியே செய்ய வேண்டியவை, அதற்கு ஒரு குழு எதற்கு, அதுவும் கைப்பேசிக்குள் இருக்கிற குழு எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தனிமையின் கலை என்று நாம் நம்பும் ஹைக்கூவின் வரலாறு வேறு விதமாக இருக்கிறது. ஜப்பானிய ஹைக்கூக் கவிஞர் பாஷோ என்றதும் மூட்டையைச் சுமந்துகொண்டு தனியே நடக்கும் ஒரு துறவிதான் நினைவுக்கு வருகிறார். அவரோ வாழ்நாள் முழுக்கப் பலரோடு கூடி உட்கார்ந்து தொடர்கவிதை புனைந்தவர். ஒருவர் சொன்ன பாட்டைப் பிடித்து அடுத்தவர் தொடர, அது பெரும்பாலும் 36 பாட்டு வரை போகும். 1689இல் வடக்கே பயணம் போனபோது, மொகாமி ஆற்றங்கரையில் ஓயிஷிதா என்ற ஊரில், ஒருவர் வீட்டில் அப்படிக் கூடினார்கள். மழைநீரெல்லாம் சேர்ந்த அந்த ஆற்றின் குளிர்ச்சியைப் பாஷோ முதல் பாட்டில் வைத்தார். வரவேற்ற வீட்டாருக்கு அது ஒரு மரியாதை. பின்னால் பயண நூலில் அதே பாட்டைச் சேர்த்தபோது குளிர்ச்சியை எடுத்துவிட்டு ஆற்றின் வேகத்தை வைத்தார். கூட்டத்தில் பிறந்த பாட்டைத் தனிமையில் திருத்திக்கொள்ள அவருக்குத் தடை ஏதும் இருக்கவில்லை.

நாலு பேர் கூடினால் பாராட்டு ஆசையும் கூடவே வந்துவிடுமே என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். அதை மறுக்க முடியாது. அதற்கு வழி கண்டவர்களும் ஜப்பானியக் கவிஞர்களே. பாஷோவுக்கு வெகுகாலம் பின்னால் வந்த மசயோகா ஷிகி தொடர்கவிதையை இலக்கியமே அல்ல என்று ஒதுக்கியவர். ஆனாலும் கூடி எழுதுவதை அவர் விடவில்லை. முதுகெலும்பில் காசநோய் கண்டு படுக்கையில் கிடந்த காலத்திலும் டோக்கியோவில் அவர் வீட்டில் கவிஞர்கள் கூடினார்கள். இத்தகைய கூட்டங்களுக்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொருவரும் பெயர் போடாமல் துண்டுத்தாளில் பாட்டை எழுதித் தருவார். எல்லாவற்றையும் கலைத்து, கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி வேறொருவர் படியெடுப்பார். அந்தத் தாள்கள் கைமாறிச் சுற்றிவரும். பிடித்ததை ஒவ்வொருவரும் குறித்துக்கொள்வார். தேர்வானதை உரக்கப் படித்த பிறகுதான் எழுதியவர் வாய் திறப்பார். ஆசானின் பாட்டும் புதிதாக வந்தவரின் பாட்டும் அதுவரை ஒரே வரிசையில் கிடக்கும். எழுதும் நேரத்தைப் போலவே பிறர் எழுதியதை நிதானமாக வாசிக்கும் நேரமும் அங்கே பயிற்சிதான். தியானம் என்ற பெயர் இந்த வாசிப்புக்கே அதிகம் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முகம் பாராத உறவு எப்படி நிலைக்கும் என்பார்கள். ஷிகி செய்தித்தாளிலும் பத்திரிகையிலும் கவிதைப் பகுதி நடத்தியவர். அவரை நேரில் காணாமலே தபாலில் பாட்டு அனுப்பியவர்கள் இருந்தார்கள். அன்று தபால் செய்ததை இன்று கைப்பேசி செய்தால் குறையொன்றும் இல்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. பெயரும் படமும் முன்னால் நிற்க, லைக் எண்ணிக்கை பக்கத்திலேயே ஏறிக்கொண்டிருக்க, படைப்பு மூன்றாவதாகத்தான் கண்ணில் படுகிறது. ஆகவே ஒரு குழுவில் சேருமுன் அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்ப்பதைவிட, யாரும் கண்டுகொள்ளாத படைப்புக்கு அங்கே என்ன நேர்கிறது என்று பார்ப்பது நல்லது. அந்த ஜப்பானியக் கூட்டங்களில், ஒருவருமே தேர்ந்தெடுக்காத பாட்டை எழுதியவர் தன் பெயரைச் சொல்ல வேண்டியதே இல்லை.